அலறல்

1965, ஆகஸ்ட் 15. நியூயார்க், ஷே ஸ்டேடியம். மேடையில் பீட்டில்ஸ். எதிரே 55,600 பேர். பாட்டு கேட்க வந்தவர்கள் என்கிறீர்களா? ஊஹூம், அலற வந்தவர்கள்! முக்கால்வாசி டீன் ஏஜ் பெண்கள். வீறிட்டார்கள், அழுதார்கள், சிலர் மயங்கியே விழுந்தார்கள். தாங்கள் வாசிப்பதே காதில் விழாமல் நாலு பேரும் ஏதோ ஒப்பேற்றினார்கள். 'பொண்ணா லட்சணமா அடக்கமா இரு' என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு, தொண்டை கிழியக் கத்த ஓர் இடம் கிடைத்தால் விடுவார்களா?

1966 ஆகஸ்ட்டோடு, 'ஆளை விடுங்க சாமி' என்று ஊர் ஊராகக் கச்சேரி செய்வதற்கே முழுக்குப் போட்டது பீட்டில்ஸ்.

அந்த நால்வரில் ஒருவர் ஜான் லெனன். அப்பா கப்பல் ஊழியர், சின்ன வயசிலேயே விட்டுவிட்டுப் போனவர். வளர்த்தது பெரியம்மா. 1958-ல், லெனனுக்கு 17 வயதில், கார் மோதி அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

1970-ல் ஆர்தர் ஜேனவ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணரிடம் போனார் லெனன். என்ன வைத்தியம் தெரியுமா? பால்ய காலத் துக்கத்தையெல்லாம் அலறித் தீர்ப்பது! (இதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்பது வேறு விஷயம்.) அந்த வருடக் கடைசியில் 'மதர்' பாட்டு வந்தது. அதன் முடிவில் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலறுகிறார். டிரம்ஸ் வாசித்தவர் பழைய சகா ரிங்கோ ஸ்டார். இந்தத் தடவை லெனன் குரல் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.