போதை தெளியாத உடலும் கிரேக்கப் பயிற்சிக்கூடமும்

பழங்கிரேக்க நகரங்களில் ஜிம்னாசியம் எனப்பட்ட உடற்பயிற்சிக்கூடம், இளைஞர் ஆடை களைந்து எண்ணெய் பூசி ஓடவும் மற்போரிடவும் பழகிய இடமாக மட்டுமன்றி, ஊரில் மதிப்புக்குரிய ஆண்மக்கள் எவர் என்பதை ஊரறிய வரையறுத்துக் காட்டிய பொது நிறுவனமாகவும் விளங்கியதால், அதற்குள் யார் நுழையலாம் என்பது சட்டத்துக்குரிய விவகாரமாயிற்று. மாசிடோனியாவின் பெரோயா நகரில் கல்லில் பொறிக்கப்பட்ட கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் சட்டமொன்று, அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள், அவர்தம் மைந்தர், உடலை விற்றுப் பிழைப்போர், சந்தைத் தொழில் செய்வோர், பித்துப் பிடித்தோர் ஆகியோரோடு குடிபோதையில் இருப்பவரையும் ஒரே பட்டியலில் சேர்த்து வெளியே நிறுத்துகிறது. இவர்களில் எவரையேனும் தெரிந்தே எண்ணெய் பூசிக்கொள்ள விட்ட கூடத்தலைவருக்கு 1,000 திராக்மா அபராதம். ஆனால், முந்தைய இரவு குடித்துவிட்டு மறுநாள் காலையில் கனத்த தலையோடும் புரட்டும் வயிற்றோடும் வந்து நிற்பவனைப் பற்றி இப்பட்டியலில் சொல் இல்லை. போதையில் இருப்பவனைத் தடுக்கச் சட்டம் போதும். போதை இறங்கியும் உடல் தேறாதவனை என்ன செய்வது என்பது பயிற்சியாளனின் தீர்ப்புக்கு உரியதாயிற்று.

இத்தகைய காலைகள் அரிதாக இருந்திருக்க வழியில்லை. கிரேக்கர் திராட்சை மதுவைப் பெரிய கலங்களில் நீர் கலந்தே அருந்தினர் என்றாலும், சிம்போசியம் எனப்பட்ட குடிவிருந்து, குறிப்பாக வெற்றி விருந்து, அளவோடு முடியும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அப்பெயரையே தாங்கிய பிளேட்டோவின் உரையாடல், துன்பியல் நாடகப் போட்டியில் கவிஞர் அகதோன் வென்ற கி.மு. 416ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்தது. அவரது விருந்தில் கூடியிருப்போரிற் பலர் முந்தைய நாள் குடித்ததன் உபாதையோடு வந்தவர்கள் என்பதால், மருத்துவரான எரிக்சிமாக்கஸ், குடியே தீங்கு, அதிலும் நேற்றைய பாதிப்பு நீங்காதவர் மீண்டும் குடிப்பது பெருந்தீங்கு என்று எச்சரிக்கிறார். உரையாடலின் முடிவில், இரவு முழுதும் குடித்த சாக்ரட்டீஸ், ஏனையோரிற் பலர் உறங்கிக் கிடக்க எழுந்து, ஏதென்சின் புகழ்பெற்ற பயிற்சிக்கூடமான லைசியத்துக்குச் சென்று நீராடி, அன்றைய பொழுதை வழக்கம்போலவே கழிக்கிறார். அவர் பிறரைப் போன்றவர் அல்லர் என்று காட்டவே இக்காட்சி எழுதப்பட்டது. அதைப் பின்பற்றத்தக்க நெறியாகக் கொள்ள எந்தப் பயிற்சியாளனும் துணிந்திருக்க மாட்டான்.

தெல்பியின் ஓட்டக்களத்தருகே உள்ள பழங்கல்வெட்டொன்று மதுவை இடம் மாற்றுவதைத் தடுத்து, மீறியவருக்கு 5 திராக்மா தண்டம் விதிப்பதை, வீரர் குடிக்கு எதிரான விதியாகச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. பரிகாரப் படையலையும் அது சேர்த்துக் கேட்பதை நோக்கினால், அது தெய்வத்துக்குரிய மதுவைக் காத்த சடங்கு விதி என்றே கொள்ளத் தோன்றுகிறது. வீரரின் குடியைக் கட்டுப்படுத்தியது கல்வெட்டன்று, பயிற்சியாளனே. ஒலிம்பிய வெற்றியை விரும்புவோன் இனிப்புப் பண்டம் துறந்து, விரும்பியபோது மது அருந்துவதை விட்டு, குறித்த நேரத்தில் வெயிலிலும் குளிரிலும் பயின்று, மருத்துவனிடம் ஒப்படைப்பதுபோலத் தன்னைப் பயிற்சியாளனிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார் எபிக்டெட்டஸ் என்னும் மெய்யியலாளர்.

ஒப்படைத்தலில் உள்ள ஆபத்தை, கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஃபிலோஸ்திராட்டஸ் எழுதிய ‘ஜிம்னாஸ்டிகஸ்’ என்னும் பயிற்சிக்கலை நூல் ஒரு மரணத்தின் வழியாகக் காட்டுகிறது. அக்காலப் பயிற்சியாளர் பலர் டெட்ராட் எனப்பட்ட நான்கு நாள் சுற்றைக் கைக்கொண்டனர்: முதல் நாள் குறுகிய, விரைவான அசைவுகளால் உடலை ஆயத்தப்படுத்துதல், இரண்டாம் நாள் முழு ஆற்றலையும் பிழிந்தெடுத்தல், மூன்றாம் நாள் தளர்த்துதல், நான்காம் நாள் எதிராளியிடமிருந்து நழுவவும் நழுவுபவனைப் பிடிக்கவும் பழகும் நடுத்தரப் பயிற்சி. உழைப்பையும் ஓய்வையும் மாற்றி மாற்றி அமைக்கும் இம்முறை, தாளில் பார்க்கக் குறையற்றதாகவே தெரிகிறது. ஆனால் இச்சுற்று வீரனின் அன்றைய நிலையைக் கேட்டுச் சுழல்வதில்லை.

எகிப்திலிருந்த கிரேக்க நகரான நாக்ராட்டிஸைச் சேர்ந்த கெரெனோஸ் என்ற மல்லன் ஒலிம்பியாவில் வென்று, அதன்பின் மூன்றாம் நாளில் நண்பர்க்கு விருந்து வைத்து, வழக்கத்துக்கு மாறாக உண்டு குடித்து, உறக்கமும் இழந்தான். மறுநாள் பயிற்சிக்கூடத்துக்கு வந்தவன், உண்டது செரிக்கவில்லை, உடம்பு ஏதோ சரியில்லை என்று தானே பயிற்சியாளனிடம் சொன்னான். சுற்றைக் குலைக்கிறான் என்று சினந்த பயிற்சியாளன், அன்றைக்கு விதித்த பயிற்சியைத் தளர்த்தாமல் செய்விக்க, பயிற்சியின் நடுவிலேயே கெரெனோஸ் உயிர் துறந்தான். வீரன் வாய் திறவாது நின்றிருந்தாலும் அவன் உடலைப் பார்த்தே எதைச் செய்விப்பது என்று அறிந்திருக்க வேண்டியவன் பயிற்சியாளன் என்பது ஃபிலோஸ்திராட்டஸின் குற்றச்சாட்டு. ஏதென்சிலிருந்து எலூசிஸ் செல்லும் சாலையின் வலப்புறத்தில் கெரெனோஸின் கல்லறை இருந்தது என்று குறித்த அவர், பயிற்சியாளனின் பெயரைச் சொல்லாமல் விடுகிறார். பழிக்கத்தக்கது ஒருவனன்று, சுற்று முழுவதுமே என்று அவர் கருதியிருக்கலாம்.

அதே நூல் மாற்று வழியையும் தருகிறது. மது மிகுந்த உடலைக் கடுமையாக வருத்தவும் கூடாது, பயிற்சியினின்று முற்றிலும் விடுவிக்கவும் கூடாது. நடுத்தர அசைவுகளால் வியர்க்க வைத்து, கெட்டுப்போன நீர்மத்தை இரத்தம் பாழாகுமுன் வெளியேற்ற வேண்டும். வியர்வைத் துளைகள் அடைபடாதபடி எண்ணெயை அளவாகப் பூசித் துடைத்துச் சுரண்டியால் வழித்துவிட வேண்டும். இங்குச் சுரண்டி என்பது, எண்ணெயும் புழுதியும் வியர்வையும் கலந்த பசையை உடலிலிருந்து வழித்தெடுக்கப் பயன்பட்ட, பெரும்பாலும் வெண்கலத்தாலான வளைந்த கருவி. அவ்வாறு வழித்த பசைகூட மருந்தாக விலைபோயிற்று, பெரோயாச் சட்டமும் அதன் வருவாயைக் குறிக்கிறது. உடலில் தூவிக்கொள்ளும் பொடியிலும் வகை பிரித்த ஃபிலோஸ்திராட்டஸ், சுட்ட மண்ணின் பொடி மூடிய துளைகளைத் திறந்து வியர்வை வரவழைக்கும் என்கிறார்.

மதுவை வியர்வையால் வெளியேற்றலாம் என்ற இம்முறையின் அடிப்படைக் கருத்து பிழையானது. உட்சென்ற மதுவின் மிகப்பெரும் பங்கைக் கல்லீரலே சிதைக்கிறது. வியர்வையில் வெளியேறுவது மிகச் சிறிதளவே. மது சிறுநீரை மிகுவித்து உடலை ஏற்கெனவே வறளச் செய்திருக்க, மேலும் வியர்ப்பது அவ்வறட்சியைக் கூட்டும். ஆயினும், காரணத்தில் தவறிய ஃபிலோஸ்திராட்டஸ் அளவில் தவறவில்லை. கெரெனோஸுக்கு அவர் சொன்னவாறு மெல்லிய பயிற்சி மட்டும் தரப்பட்டிருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும்.

ஃபிலோஸ்திராட்டஸுக்கு ஒரு தலைமுறை முற்பட்டவரும், கி.பி. 157 அளவில் பெர்காமோனில் கிளாடியேட்டர்களின் மருத்துவராகப் பணி தொடங்கியவருமான கேலன், பயிற்சியாளரிடம் இவ்வளவு நம்பிக்கைகூட வைக்கவில்லை. உடல்நலம் காப்பது மருத்துவத்தின் பகுதியே, பயிற்சிக்கலையின் உரிமையன்று என்று ‘திரசிபுலஸ்’ என்னும் நூலில் வாதிட்ட அவர், மல்லரின் வாழ்க்கையைப் பன்றிகளின் வாழ்க்கையோடு வேறோரிடத்தில் ஒப்பிட்டார். எனினும், உழைத்த உடலிலுள்ள கழிவை நீக்க அவர் விதித்த அபோதெரபேயா, அதாவது எண்ணெய்த் தேய்ப்பும் மென்மையான அசைவும் இணைந்த தேற்றுமுறை, ஃபிலோஸ்திராட்டஸின் அறிவுரைக்கு வெகு அருகில் நிற்கிறது. சண்டை மருந்தைப் பற்றியதன்று, அதை யார் கொடுப்பது என்பதைப் பற்றியது. அச்சண்டையில் கேலனின் தரப்பே நெடுங்காலம் ஒலித்தது. அவருடைய நூல்களை அரபு, இலத்தீன் மொழிகளின் வழியே மருத்துவ உலகம் தொடர்ந்து கற்றுவந்தது. ‘ஜிம்னாஸ்டிகஸ்’ முழுமையாகக் கிடைத்ததோ 1844இல், கிரேக்க அறிஞர் மினோய்டஸ் மினாஸ் கண்டெடுத்த ஒரு கையெழுத்துப் பிரதியில்தான்; யூலியஸ் யூத்னரின் செம்பதிப்பு வெளியானது 1909இல்.