தங்கவயலும் தமிழர் உழைப்பும்

நம் இல்லங்களில் திருமணப் பேச்சு எழும்போதெல்லாம் பொன்னைப் பற்றிய பேச்சும் உடன் எழுகின்றது. எத்தனை சவரன், எந்தக் கடை, என்ன விலை என்றெல்லாம் ஆராய்கின்றோம். அப்பொன் எந்த மண்ணிலிருந்து வந்தது, எவர் கை அதனை அகழ்ந்தது என்று நாம் கேட்பது அரிது. பிழைப்பு நாடிப் பிற மாநிலம் வந்து வாழும் நாம், நமக்கு முன்னே அவ்வாறு வந்த ஒரு பெரும் மக்கள் கூட்டத்தின் வரலாற்றை அறிந்து கொள்வது கடமையாகும். கருநாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையில், ஆந்திரத்திற்கும் தமிழகத்திற்கும் அணித்தாக உள்ள கோலார் தங்கவயலே அவ்வரலாற்றின் நிலைக்களம்.

கம்பெனி வந்த கதை

தங்கவயலில் பொன் உண்டென்பது வெள்ளையர் கண்டுபிடித்த செய்தியன்று. 1802ஆம் ஆண்டில் நில அளவைப் பணிக்காக அப்பக்கம் வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, உரிகம், மாரிகுப்பம் ஆகிய ஊர்களில் ஏழை மக்கள் மண்ணை அலசிப் பொன் துகள் எடுத்து வந்ததையும், பழங்காலத்துக் குழிகளில் இறங்கிப் பாறையை உடைத்து வந்ததையும் கண்டு எழுதி வைத்தார். எழுபது ஆண்டுகள் சென்றபின், மைக்கேல் லவேல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் அக்குறிப்பின் வழியே தேடிச் சென்றார்; மைசூர் அரசினரிடம் 1875இல் உரிமமும் பெற்றார். தனியொருவர் முதலீட்டால் ஆகக்கூடிய தொழில் அதுவன்று. ஆகவே உரிமை கைமாறியது. 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியார் பொறுப்பேற்றனர்.

தொடக்கத்தில் முதலீடு கரைந்ததேயன்றிப் பொன் கிடைக்கவில்லை. பங்குதாரர்கள் நம்பிக்கை இழந்திருந்த வேளையில், 1883ஆம் ஆண்டளவில், பழங்குழிகளுக்கு அடியிலேயே வளமான பொன் நரம்பு தென்பட்டது. அதுவே பிற்காலத்தில் சாம்பியன் ரீப் எனப் பெயர் பெற்றது. முன்னோர் விட்ட இடத்தில் கம்பெனியார் தொட்டனர் எனலாம். அதன்பின் மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உழைத்தோர் தொகை முப்பதாயிரத்தை எட்டியது.

பாலாறும் காவிரியும்

அவ்வுழைப்பாளரில் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர். நிலமின்மையும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் ஊரைவிட்டு விரட்ட, கூலிக்காக மலையேறி வந்த ஆதிதிராவிட மக்களே அவர்களில் மிகுதி. தெலுங்கு பேசுவோரும் கன்னடியரும் மாப்பிள்ளைமாரும் பஞ்சாபிக் காவலரும் உடன் இருந்தனர். மேலாளராகவும் பொறியாளராகவும் ஆங்கிலேயர் அமர்ந்தனர்.

கம்பெனி அவ்வட்டாரத்திற்குச் செய்தவற்றை மறைத்தல் நேர்மையாகாது. பௌரிங்பேட்டை என அன்று வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை இருப்புப் பாதை வந்தது. மருத்துவமனை எழுந்தது. பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிக் குழாய் வழியே கொணர்ந்தனர். வேலூர்ப் பக்கத்தில் பாலாற்றங்கரையை விட்டு வந்தவர்கள், அவ்வாற்றின் மேல்நீரையே தங்கவயலில் பருகினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மின்சாரம் வந்த வரலாறு இன்னும் வியப்புக்குரியது. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் மைசூர் அரசு தொடங்கிய திட்டத்தின்படி, சிவசமுத்திரத்தில் காவிரி வீழும் வேகத்தை மின்னாற்றலாக்கி, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே அனுப்பினர். 1902 சூன் மாதத்தில் அம்மின்சாரம் தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்.

ஆயினும், இவையெல்லாம் முதற்கண் எதற்காக வந்தன என்று நாம் கேட்க வேண்டும். மின்சாரம் பாறையை நொறுக்கும் ஆலைக்கும் ஆளை இறக்கும் கூண்டுக்கும் வந்தது. இருப்புப் பாதை நிலக்கரிக்கும் இயந்திரத்திற்கும் வந்தது. துரைமார் வாழ்ந்த பகுதியில் பங்களாக்களும் கிளப்பும் கோல்ப் மைதானமும் விளங்கின. அதனைச் சின்ன இங்கிலாந்து என்றே அழைத்தனர். உழைப்பாளர் 'லைன்' எனப்பட்ட வரிசைகளில், மூங்கில் தட்டி அடைத்த ஒற்றையறைக் குடில்களில் வாழ்ந்தனர்.

பாறைக்கு அடியில்

சாம்பியன் ரீப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாழத்தில் பாறையே கொதிக்கும். மேலுள்ள மலையின் பாரம் தாங்காமல், எச்சரிக்கையின்றிப் பாறை வெடிக்கும். கணவன் கூண்டில் இறங்கிய பின், தரை அதிரும் ஒவ்வொரு முறையும் லைனில் இருந்த பெண்டிர் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும்!

வெடிப்பில் தப்பியவரையும் தூசு விடவில்லை. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயைத் தரும். 1940களில் நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் இருந்தது தெரியவந்தது. மைசூர் அரசு 1940இல் விதிகள் வகுத்து அதனை இழப்பீட்டிற்குரிய நோயாக ஏற்றது. அதற்குள் அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த ஆழம் அறிவியலுக்கும் உதவிற்று. 1965இல் இந்திய, சப்பானிய, பிரித்தானிய அறிஞர்கள் சாம்பியன் ரீப் சுரங்கத்தினுள் கருவிகளை நிறுவி, விண்கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடத்தைக் கண்டனர். உலகம் போற்றிய அவ்வாய்வுக்கு இடம் அமைத்தவை தமிழ்த் தொழிலாளியின் கைகளே.

மக்கள் கட்டியவை

நாம் போற்ற வேண்டிய செல்வம் பிறிதொன்று உண்டு. பகலெல்லாம் பாறையோடு போராடிய அம்மக்கள் படிப்பகமும் சங்கமும் பள்ளியும் கண்டனர். பண்டித அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் ஆர்வமிக்க வாசகர் இருந்தனர். அவருடைய சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் அமைந்தது. அவர் மறைந்து ஆண்டுகள் சென்றபின், நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழை 1926 முதல் தங்கவயலிலிருந்தே நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. எழுத்து மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்தோர், ஒற்றையறைக் குடிலில் இருந்துகொண்டு தமிழ் இதழியலுக்குப் புகலிடம் தந்தனர். இதைவிடப் பெரிய தமிழ்த்தொண்டு யாது?

தன்மதிப்பையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1930இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டுமென நிருவாகம் ஆணையிட்டது. குற்றவாளியரைப் போல் எம்மை நடத்துவதா என வெகுண்டு, கூலி உயர்வுக்காக அன்றி, மானத்திற்காகவே வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் ஓய்ந்தன. 1946 நவம்பர் 4ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிர் துறந்தனர்.

எஞ்சியது யாது?

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவணரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் தோன்றியது. ஆனால் தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், சிறிது சிறிதாகக் குறைந்து சில கிராம் அளவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் வெளியேறியிருந்தது.

பொன் போயிற்று, சயனைடு கலந்து பொன் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், பதின்மூன்று மேடுகளாக நிற்கின்றது. காற்றுக்காலத்தில் அத்தூசு இன்றும் வீடுகளுக்குள் புகுகின்றது. மூன்று தலைமுறை வாழ்ந்த லைன் வீட்டின் உரிமைக்காக மக்கள் நெடுங்காலம் முறையிட நேர்ந்தது. அவர்தம் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். அம்மண்மேடுகளில் ஒட்டியிருக்கும் பொன்னையும் எடுக்கும் திட்டத்திற்குக் கருநாடக அரசு 2024இல் இசைவு தந்தது. அப்பொன்னிலாவது, அதன் தூசைச் சுவாசித்தோருக்குப் பங்கு உண்டா என்பதே இன்று எழும் வினா.

ஒரு கம்பெனி ஓரிடத்தில் நூறாண்டு இருந்தால் சாலையும் நீரும் மருத்துவமும் வரும். அவை தொழிலோடு வந்து, தொழிலோடு தளரும். மக்கள் தம் கையால் கட்டிய பள்ளியும் சங்கமும் இதழும் தந்த அறிவோ, சுரங்கம் மூடிய பின்னும் மூடுவதில்லை. தங்கவயல் பிள்ளைகள் ஆசிரியராகவும் பொறியாளராகவும் மருத்துவராகவும் பல நகரங்களில் விளங்குவது இதற்குச் சான்று.

பிற மண்ணில் வேரூன்றும் நமக்குத் தங்கவயல் கற்பிக்கும் பாடம் இதுவே. நம் வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய நகை ஒன்றைக் கையில் எடுக்கும்போது, பாறைக்கு அடியில் விளக்கேந்தி நின்ற அம்முன்னோரை ஒருமுறை நினைப்போம். நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் கதையைச் சொல்வோம்.