வாட்ச்மேன் வாங்கி வந்த டீ

1995 ஆகஸ்ட் 15. சுதந்திர தினம் பார்த்துத்தான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. முதலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ். (சென்னை என்று பேர் மாற இன்னும் ஒரு வருஷம் பாக்கி!) சுதந்திரம் கிடைத்தது சரி, விலை? படமும் கலருமாகப் பார்க்க டி.சி.பி./ஐ.பி. கணக்கு வேண்டும். 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். பல குடும்பங்களுக்கு அது சில மாதச் சம்பளம்.

மாணவர்களுக்கு மலிவாக ‘ஷெல்’ கணக்கு கொடுத்தார்கள். அதில் ஒரு சூட்சுமம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இருக்கவே இருக்காது. வி.எஸ்.என்.எல்.லின் யூனிக்ஸ் மிஷின்தான் இருக்கும். நீங்கள் மோடம் வழியாக அதற்குக் கட்டளை தட்டலாம், அவ்வளவுதான். வெறும் எழுத்து. படம் வரவேண்டிய இடத்தில் ‘இமேஜ்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை நிற்கும். சாப்பாட்டுக்குப் பதில் மெனு கார்டு!

இந்தச் சுவரில்தான் ஓட்டை போட்டார் ஆஸ்திரேலியாக்காரர் டேனி காஸ்பரோவ்ஸ்கி. அவர் எழுதிய இலவச புரோகிராமின் பெயர் ‘ஸ்லர்ப்’. பி.காம். படித்த எனக்கே புரிந்ததால் உங்களுக்கும் புரியும், கேளுங்கள்.

தாம்பரம் பக்கம் ஒரு ஹாஸ்டல் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பையன்கள் வெளியே போகக்கூடாது. வாட்ச்மேன் போகலாம். பையன் ஜன்னல் வழியே காசும் சீட்டும் கொடுக்கிறான். வாட்ச்மேன் கடைக்குப் போய், தனக்கு வாங்குவதுபோல் டீ வாங்கி வந்து நீட்டுகிறார். கடைக்காரருக்குப் பையனைத் தெரியாது. ஸ்லர்ப்பும் இதேதான். யூனிக்ஸ் மிஷினில் சாதாரண புரோகிராமாக உட்கார்ந்து, உங்கள் கம்ப்யூட்டர் அனுப்பும் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்து, தன் பெயரிலேயே வெளியே இணைப்பு எடுத்து, பதிலைத் திருப்பித் தரும். அட்மின் அனுமதிகூட அதற்குத் தேவையில்லை. ஷெல் கணக்கில் படம் தெரிந்தது!

இது நியாயமா? விதிப்படி பார்த்தால் இல்லை. ஆனால், ஒரே போன் லைனில் எழுத்துக்கு ஒரு விலை, படத்துக்குப் பல மடங்கு விலை என்று வைத்ததில் மட்டும் என்ன நியாயம் இருந்தது?

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. கட்டணம் இறங்கியது. ஷெல் கணக்குகள் போயே போச்சு.

ஸ்லர்ப் போகவில்லை. தாம்பரம் சானடோரியம் மெப்ஸிலோ ஓ.எம்.ஆரிலோ வேலை பார்க்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். ஆபீஸ் ஃபயர்வால், பதிவு செய்த விண்டோஸ் லேப்டாப்பை மட்டும்தான் வெளியே விடும். அதற்குள் வர்ச்சுவல் பாக்ஸ் போட்டு லினக்ஸ் ஓட்டினால், லினக்ஸுக்குப் பெரும்பாலும் 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். அது ஸ்லர்ப் காலத்து முகவரி! உள்ளே இருக்கும் லினக்ஸ் வெளியே தெரியாது; லேப்டாப்தான் தெரியும். ஆபீஸ் பிராக்ஸி பாஸ்வேர்டு கேட்டால் மட்டும் லினக்ஸிலும் அதைத் தனியாகக் கொடுக்கவேண்டும். வெளியிலிருந்து யாரும் லினக்ஸை நேரடியாகக் கூப்பிடவும் முடியாது. டீக்கடைக்காரருக்கு வாட்ச்மேனைத்தானே தெரியும்?