கல்லின் பின்புறத்தில் ஒரு பெயர்

பாஸ்டன் நகரின் காப்ஸ் ஹில் இடுகாட்டில் உள்ள ஒரு கல்லறைக் கல்லின் முன்பக்கம் சாரா ரிச்சரி என்ற பெண்ணுக்கு உரியது. பிரின்ஸ் ஹாலின் மனைவி, 1769 பிப்ரவரி 26 அன்று 24 வயதில் இறந்தவர் என்று அதில் வெட்டியிருக்கிறது. கணவரின் பெயர் அதே கல்லின் பின்புறத்தில் இருக்கிறது. கறுப்பின மேசன்களின் முதல் கிராண்ட் மாஸ்டர் என்ற பட்டமும், இறந்த நாள் 1807 டிசம்பர் 7 என்ற குறிப்பும் உடன் உள்ளன.

இந்தத் தேதியிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'பாஸ்டன் கெஜட்' வெளியிட்ட இறப்புச் செய்தி, அவர் வெள்ளிக்கிழமை காலை காலமானார் என்கிறது. அந்த இதழ் வந்ததோ டிசம்பர் 7, திங்கட்கிழமை. ஆகவே அவர் இறந்தது 4ஆம் தேதி. கல்லை வெட்டச் சொன்னவர்கள் பத்திரிகையின் தேதியையே சாவின் தேதியாக எடுத்துக்கொண்டார்கள் போலும். மூன்று நாள் பிழை பெரிதல்ல. ஆனால் பிற்காலத்தார் இவரைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அது ஒரு முன்னெச்சரிக்கை.

பிரின்ஸ் ஹால் 'ஆஃப்ரிக்கன் லாட்ஜ்' என்ற அமைப்பின் தலைவர். இங்கே லாட்ஜ் என்பது அறை வாடகைக்கு விடும் இடம் அல்ல. பிரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தின் கிளைச் சபை. வெள்ளையர்கள் சேர்த்துக்கொள்ள மறுத்த சங்கத்தில் கறுப்பினத்தவருக்கென ஒரு சபையை நிலைநிறுத்தியவர் அவர்.

நெடுங்காலம் எல்லோரும் எடுத்தாண்ட வாழ்க்கை வரலாறு 1903இல் வில்லியம் கிரிம்ஷா எழுதியது. அவரும் அதே மரபில் வந்த மேசன். அவர் கணக்கில் ஹால் பிறந்தது பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில், 1748 செப்டம்பர் 12 அன்று. தந்தை ஆங்கிலேயத் தோல் வணிகர், தாய் பிரெஞ்சு வம்சாவளியைச் சேர்ந்த சுதந்திரப் பெண். 1765இல் கப்பலேறி பாஸ்டன் வந்து, பிறகு மெதடிஸ்டு போதகர் ஆனாராம். தலபுராணம் போலக் குறையே இல்லாத கதை. ஆதாரம் என்று ஒரு தாளைக்கூட கிரிம்ஷா காட்டவில்லை.

கதையைக் குலைத்தது பாஸ்டன் நோட்டரி எசக்கியேல் பிரைஸின் பதிவேடு. அதில் 1770 ஏப்ரலில் வில்லியம் ஹால் என்பவர் தந்த விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. அடிமையை இனி அடிமையாகக் கருதக் கூடாது என்று உரிமையாளரே எழுதித் தரும் பத்திரம் இது. பிரின்ஸ் ஹால் தங்களுடன் 21 ஆண்டுகள் இருந்து நன்றாக ஊழியம் செய்தார் என்கிறது அது. 1770இலிருந்து 21ஐக் கழித்தால் 1749. கிரிம்ஷாவின் பிறந்த தேதியை ஏற்றால் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் ஊழியத்துக்கு வந்திருக்க வேண்டும், அதுவும் பாஸ்டனில்.

பத்திரத்தில் உள்ள பிரின்ஸ் ஹாலும் சபைத் தலைவரும் ஒரே ஆள்தானா? அந்தக் காலத்தில் இது அரிய பெயர் அல்ல. வில்லியம் ஹாலின் தொழில் தோல் பதனிடுவது. சபைத் தலைவரின் தொழிலும் அதுவே. பையன் வளர்ந்த வீட்டில் கற்ற தொழில் என்றால் பொருந்துகிறது. தீர்ந்த சான்று என்று சொல்ல மாட்டேன், வலுவான சான்று.

வயதுக்கு மூன்று சாட்சிகள் உண்டு. 1795இல் பாஸ்டன் பாதிரியார் ஜெரமி பெல்நாப் அவருக்கு 57 வயது என்று எழுதினார். 1807 ஆகஸ்டில் ஹாலே பிரமாணம் செய்து தந்த வாக்குமூலம் எழுபது என்கிறது. இறப்புச் செய்தி 72 என்கிறது. கழித்துப் பார்த்தால் முறையே 1738, 1737, 1735. மூன்றும் ஒத்துப்போகவில்லை, ஆனால் மூன்றில் எதுவும் 1748இன் பக்கத்தில்கூட வரவில்லை. பிறந்த நாளையே அறியாத ஒருவரின் வயது பத்திரங்களில் இப்படி ஓரிரு ஆண்டு முன்பின்னாக இருப்பதே இயல்பு. சந்தேகப்பட வேண்டியது நாளும் மாதமும் துல்லியமாகத் தரும் கதையைத்தான்.

அதே வாக்குமூலம் போதகர் கதையையும் முடித்துவைக்கிறது. தாம் தோல் தொழிலாளி என்றும், 1762இல் ஸ்கூல் தெருவில் ஆண்ட்ரூ கிராஸ்வெல் போதகராக இருந்த காங்கிரகேஷனல் தேவாலயத்தில் முழு உறுப்பினராகச் சேர்ந்ததாகவும் ஹால் அதில் சொல்கிறார். மெதடிஸ்டு என்ற பேச்சே இல்லை. 1977இல் சார்லஸ் வெஸ்லி இத்தகைய ஆவணங்களைத் தொகுத்து எழுதிய நூலுக்குப் பிறகும் பழைய கதை பல வெளியீடுகளில் தொடர்வது வியப்புதான்.

அவர் அமெரிக்க விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்தினார் என்பார்கள். மாசசூசெட்ஸ் படைப்பட்டியல்களில் பிரின்ஸ் ஹால் என்ற பெயரில் ஒருவர் அல்ல, பலர் இருக்கிறார்கள். இவர் அவர்களில் யார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஐயமின்றி இவருடையது என்று நான் ஏற்கும் போர்க்கால ஆவணம் ஒரு கடைப் பில்தான். 1777 ஏப்ரல் 24 தேதியிட்டு, கர்னல் கிராஃப்ட்ஸின் பீரங்கிப் படைக்கு அனுப்பியது. விற்ற பொருள்: முரசுக்கு இழுத்துக் கட்டும் தோல், ஐந்து.

அவர் மேசன் சங்கத்தில் சேர்ந்த நாளிலும் வழக்கு இருக்கிறது. மரபாகச் சொல்வது 1775 மார்ச் 6. பாஸ்டனில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையின் 38ஆம் பிரிவைச் சேர்ந்த சார்ஜென்ட் ஜான் பாட், ஹாலையும் வேறு 14 பேரையும் சேர்த்துக்கொண்டார் என்பார்கள். ஆண்டு 1778 என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. 1784இல் லண்டனில் இருந்த மேசன் வில்லியம் மூடிக்கு ஹால் எழுதிய கடிதமோ, சபை தொடங்கிக் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்கிறது. பின்னோக்கி எண்ணினால் 1776. ஆகவே 1778 எனக்கு இடிக்கிறது. அந்தக் கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. புனித யோவான் திருநாளில் ஊர்வலம் போகவும் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் மட்டுமே அவர்களுக்கு உள்ளூர் அனுமதி இருந்தது. முழு உரிமை தரும் சாசனத்தை லண்டனின் தலைமைச் சபை 1784 செப்டம்பர் 29 தேதியிட்டு, எண் 459 என்று வழங்கியது. அது பாஸ்டன் வந்து சேர்ந்தது 1787 ஏப்ரல் 29 அன்று.

இந்தக் காத்திருப்பின் நடுவில் எழுதிய இரண்டு தாள்களில்தான் அவருடைய குணம் எனக்குத் தெரிந்தது. மாசசூசெட்ஸின் மேற்கு மாவட்டங்களில் கடனில் மூழ்கிய விவசாயிகள் ஷேஸ் தலைமையில் கலகம் செய்தபோது, 1786 நவம்பர் 26 அன்று ஆளுநர் பௌடினுக்கு ஹால் ஒரு கடிதம் எழுதினார். கலகத்தை அடக்க எங்கள் ஆட்கள் தயார் என்றார். உதவியை அரசு ஏற்கவில்லை. 1787 ஜனவரி 4 அன்று சட்டமன்றத்துக்கு ஒரு மனு போனது: இந்த நாட்டில் எங்களுக்கு வாழ்வு சரியில்லை, ஆஃப்ரிக்காவுக்குத் திரும்பிப் போக உதவுங்கள். அதிலும் அவர் கையெழுத்து. ஆறு வாரத்துக்குள் விசுவாசமும் விடைபெறலும்.

முதல் கடிதத்தைத் துதிபாடல் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. சதியிலும் கலகத்திலும் சேரக் கூடாது என்பது மேசன் விதி. சாசனம் இன்னும் கைக்கு வராத கறுப்பர் சபையைச் சதிக்கூட்டம் என்று முத்திரை குத்த ஒரு வதந்தி போதும். அந்தக் கடிதம் முந்திக்கொண்டு கட்டிய வேலி என்பது என் ஊகம். ஆள் மனம் சோர்ந்து ஒதுங்கவும் இல்லை. அதே 1787 அக்டோபரில், வரி கட்டும் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி எங்கே என்று கேட்டு இன்னொரு மனு அனுப்பினார்.

1788 பிப்ரவரியில் கறுப்பினத்தவர் மூவரைக் கப்பலில் வேலை என்று ஆசை காட்டி ஏற்றி, மேற்கிந்தியத் தீவுகளில் விற்கக் கொண்டுபோனார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி சபையின் பெயரால் ஹால் மனு எழுதினார். குவேக்கர்களும் பாதிரிமார்களும் தனியே மனுச் செய்தார்கள். மார்ச் கடைசியில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. கடத்தப்பட்டவர்களில் ஒருவர் மேசன் என்றும், அவரை வாங்க வந்த வணிகரும் மேசனாக இருந்ததால் விற்பனை நின்று விஷயம் தீவின் ஆளுநரிடம் போனது என்றும் பெல்நாப் எழுதுகிறார். நம்ப முடியாத அளவுக்குப் பொருத்தமான திருப்பம். ஆனால் திரும்பி வந்த மூவரையும் பெல்நாப்பிடம் நேரில் அழைத்துப்போனவர் ஹால்தான். செய்தி முதல் கையிலிருந்து வந்தது. அதே சமயம் சபைக்குப் பெருமை சேர்க்கும் கையிலிருந்தும் வந்தது. இரண்டையும் மனத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

அதே சட்டமன்றக் கூட்டத்தொடரில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. மாநிலங்களில் எதிலும் குடியுரிமை இல்லாத கறுப்பர்கள் மாசசூசெட்ஸில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது என்றது அது. ஹாலின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் முதல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அவர் அப்படி நிறுத்திக்கொண்டவர் அல்லர் என்பதற்கு 1797 ஜூன் 24 அன்று பாஸ்டனுக்கு அருகிலிருந்த மெனோடமியில் ஆற்றி, பின் அச்சிட்ட உரை இருக்கிறது. விழா நாட்களில் பாஸ்டன் தெருக்களில் தம் மக்கள் படும் அவமானங்களை அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். பொறுமையாக இருங்கள் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, ஆறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைகளின் நிலை எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியிருக்கிறது என்று நினைவூட்டுகிறார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஹெயிட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது 1791இல்.