பெட்போர்ட் முதல் வோல்வோ வரை: ஜுரு சாலை கண்ட லோரிகள்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜுரு டோல் சாவடியைக் கடக்கும் கனரக லோரிகளின் முகப்பைச் சற்றே கவனியுங்கள். ஹினோ, இசுசு, ஃபூசோ, யூடி, ஸ்கானியா, வோல்வோ என்று பெயர்கள் வரிசையாக வரும். இடையிடையே சினோட்ரக் போன்ற சீனப் பெயர்களும் தென்படும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே வட்டாரத்தில், பழைய ஒன்றாம் எண் கூட்டரசு சாலையோரம் நின்றவர் வேறு பெயர்களைப் பார்த்திருப்பார். அன்றைய ராஜா பெட்போர்ட்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நீண்ட மூக்கு, மரப்பலகை அடித்த பின்பகுதி. காலையில் பால் ஏற்றும், பிறகு உரமூட்டை ஏற்றும், திருவிழா என்றால் தோட்டத்து மக்களையே ஏற்றிக்கொண்டு புறப்படும். தோட்டத்து லோரி ஓட்டுநர் என்றால் அந்தக் காலத்தில் தனி மதிப்பு. மண்டோருக்கு அடுத்தபடி என்று சொன்னாலும் மிகையாகாது. வெளியுலகத்தைத் தினமும் பார்த்துவிட்டு வரும் ஒரே ஆள் அவர்தானே!

பெட்போர்ட் எப்படி இங்கே வேரூன்றியது? பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1931-இல் இந்தப் பெயரில் லோரிகளை வெளியிட்டது. வாக்ஸ்ஹாலின் உரிமையாளர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். பெயர் பிரிட்டிஷ், பணம் அமெரிக்கம்! 1932 ஒட்டாவா மாநாட்டுக்குப் பிறகு பேரரசு நாடுகளுக்கிடையே சுங்கச் சலுகை வந்தபோது, பிரிட்டனில் செய்த வண்டி என்பதே பெரிய பலமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காகச் சுமார் இரண்டரை லட்சம் பெட்போர்ட் லோரிகள் தயாராயின. ஓட்டவும் பழுதுபார்க்கவும் பழகிய கைகள் உலகமெங்கும் பெருகின. ஆஸ்டின், காமர், லேலண்ட் ஆகியவையும் இந்தப் பிரிட்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

லேலண்ட் என்றதும் தமிழ்நாடு நினைவுக்கு வராமல் போகாது. சென்னையில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் கைமாறிக் கைமாறி, 1998-இல் அமெரிக்காவின் பேக்கார் வசம் போனது. அங்கே இன்று தயாராகும் லோரிகள் டாஃப் என்ற பெயரைத் தாங்கி வருகின்றன. லேலண்ட் என்ற பெயரோடு லோரி வேண்டுமென்றால் சென்னைக்காரர்களிடம்தான் போக வேண்டும்.

பினாங்கின் பெருநிலப் பகுதியில் சுமையின் தன்மை மாறத் தொடங்கியது அறுபதுகளில். பிறையில் சீனி ஆலை வந்தது. ஜப்பானின் யவாத்தா நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து எழுந்த மலாயவாத்தா எஃகு ஆலை 1967-இல் இயங்கத் தொடங்கியது. அதன் ஊதுலையில் எரிந்தது நிலக்கரி அன்று, ரப்பர் மரக்கரி! நம்மவர்கள் பால் வெட்டிய மரங்கள், பால் வற்றிய பின் கரியாகி, இரும்பை உருக்கின. தோட்டத்துக்குள் ஓடிய சிறிய லோரிக்கும் ஆலைக்குப் பாரம் சுமக்கும் லோரிக்கும் வேறுபாடு உண்டல்லவா? பழைய பெட்போர்டின் எஞ்சின் நூறு குதிரைத்திறனை ஒட்டியே நின்றது.

அந்த இடைவெளியில்தான் ஜப்பானியர்கள் நுழைந்தார்கள். ஜப்பான் சாமான் என்றால் உதட்டைப் பிதுக்கிய காலம் ஒன்று இருந்தது. ஆக்கிரமிப்புக் கால நினைவுகளும் ஆறியிருக்கவில்லை. ஆனால் லோரி முதலாளிக்குக் கணக்குதான் பெரிது. டீசல் எஞ்சின், மலிவான விலை, காத்திருக்காமல் கிடைக்கும் உதிரிபாகம். இந்த மூன்றுக்கு முன்னால் பிரிட்டிஷ் பெயர்கள் நிற்க முடியவில்லை. 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பெட்போர்ட் லோரித் தொழிலைக் கைவிட்டது.

இன்னொரு காரணத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. கடுமையான வாகனப் பரிசோதனையும் 1992-இல் வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஜப்பானில் பல லோரிகளை முன்னதாகவே ஓய்வுக்கு அனுப்பின. அவற்றின் எஞ்சினும் முன்பகுதியும் ‘ஹாஃப் கட்’ என்ற பெயரில் நம் நாட்டுக்கு வந்தன. புது எஞ்சின் வாங்க இயலாத சிறு முதலாளி, பழைய எஞ்சினை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். ஒரு சின்னம் பிரபலமாவது விற்பனைக் கூடத்தில் மட்டும் அல்ல, பட்டறையிலும்தான்.

ஐரோப்பிய லோரிகளுக்கு வாழ்வளித்தது சாலை. 1985 செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும், ஃபெரிக்காகப் பட்டர்வொர்த்தில் காத்துக் கிடந்த நிலை மாறியது. 1994 செப்டம்பரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை ஒரே ஓட்டம். கொள்கலனை இழுத்துக்கொண்டு இரவு முழுக்க ஓடும் பிரைம் மூவருக்கு நானூறு, ஐந்நூறு குதிரைத்திறன் தேவைப்பட்டது. சுவீடனின் வோல்வோவும் ஸ்கானியாவும் அதற்கென்றே பிறந்தவை போலப் பொருந்தின. விலை அதிகம்தான். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர் அந்த வித்தியாசத்தை உடனே சொல்லிவிடுவார். பெட்போர்டில் கையும் காலும் செய்த வேலையில் பாதியை இங்கே இயந்திரம் செய்கிறது.

வண்டி இத்தனை மாறியும், ஓட்டுநரின் கூலி பல இடங்களில் இன்னும் ‘டிரிப்’ கணக்குதான். எத்தனை நடை ஓடினாரோ அத்தனைக்கே காசு. ஓய்வெடுத்தால் வருமானம் குறையும். சக்தி வாய்ந்த எஞ்சினும் இந்தக் கணக்கும் ஒரே இருக்கையில் சந்திப்பதுதான் கவலைக்குரியது. லோரியில் ஏறும் சுமை எவ்வளவு என்பதை ஓட்டுநரா தீர்மானிக்கிறார்? 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீஸ் வாகனத்தோடு மோதி ஒன்பது போலீசார் உயிரிழந்தனர். அதன் பிறகே, 2025 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாக, கனரக வாகனங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மீது அரசாங்கம் கடுமை காட்டத் தொடங்கியது. டிரிப் கணக்குக்கு அப்படியொரு கருவி இன்னும் பொருத்தப்படவில்லை.

இதற்கிடையில் சின்னங்களின் உரிமையும் மாறிக்கொண்டிருக்கிறது. நிசான் டீசலாக இருந்த யூடி, 2007-இல் வோல்வோவிடம் போய், 2021-இல் இசுசுவிடம் வந்து சேர்ந்தது. பரம எதிரிகளான ஹினோவும் ஃபூசோவும் ஒரே தலைமை நிறுவனத்தின் கீழ் இணைய 2025 ஜூனில் இறுதி உடன்பாடு செய்துகொண்டன. ஜுருவில் அந்த நான்கு பெயர்களும் இன்றும் தனித்தனியாகவே டோல் கட்டிக் கடந்து போகின்றன.