முதியோர் இல்லத்தின் வரலாறும் வீட்டின் வரலாறும்

முதியோர் இல்லங்களின் வரலாற்றைப் பெரும்பாலும் அறக்கொடையின் வரலாறாகவே எழுதிவருகிறோம். எளியோரின் சிறு சகோதரிகள் சபை 1882இல் கொல்கத்தாவில் தொடங்கிய இல்லம் அவ்வரலாற்றில் முதன்மையாக இடம்பெறும். ஆயின், கேரளத்தின் தமிழக எல்லையிலுள்ள பாலக்காட்டையும் இடுக்கியையும் ஒப்பிட்டு நோக்கினால், அது வீட்டுரிமையின் வரலாறும் ஆகும் என்பது புலப்படும்.

கல்பாத்தி முதலான பாலக்காட்டு அக்கிரகாரங்களில் முதியோரைப் பேணியது கூட்டுக் குடும்பம். ஆங்கிலக் கல்வி பெற்ற தலைமுறைகள் சென்னை, மும்பை, தில்லி எனப் பணிநிமித்தம் பெயர்ந்தன. வீடு எஞ்சியது, உடனிருப்போர் குறைந்தனர். அங்கே முதியோர் இல்லம் துணையின்மையிலிருந்து எழுந்த தேவை. வாளையாற்றைக் கடந்தால் வரும் கோயம்புத்தூரில் கட்டணம் செலுத்தி வாழும் முதியோர் குடியிருப்புகள் பெருகியிருப்பதும் இவ்வகைத் தேவையை ஒட்டியே.

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் நிலை நேரெதிர். உறவினர் பக்கத்து லயத்திலேயே இருப்பர், லயமோ நிர்வாகத்துக்குரியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், உணவகம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமைகளுள் சேர்த்தது. ஓய்வுபெற்றோர்க்கான உறைவிடம் அப்பட்டியலில் இல்லை. வீடு வேலையோடு பிணைந்திருந்தமையால், பணி ஓய்வு வெளியேற்றமும் ஆயிற்று. மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பெற்றோர் அவ்வீட்டில் தொடரலாம். ஒரு தலைமுறையின் முதுமை அடுத்த தலைமுறையின் கொழுந்துக் கூடையை நம்பியிருந்தது. வேலைக்குச் சேரப் பிள்ளைகள் இல்லாதோர், மூதாதையர் என்றோ விட்டுவந்த ஊர்களை நோக்க வேண்டியிருந்தது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், வறிய முதியோர்க்கு மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் ஒன்றேனும் அமைக்க வழிசெய்தது. எனினும் மாநில அரசு 'அமைக்கலாம்' என்பதே அதன் சொல்லாட்சி. பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைத்த அச்சட்டம், பிள்ளைக்கே சொந்த வீடில்லாத லயத்தைத் தனித்துக் கருதவில்லை.

கேரளம் 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. அதன்பின் உள்ளாட்சி அமைப்புகளின் வழியே செவிலியர் நோயாளியின் வீடு தேடிச் செல்கின்றனர். பராமரிப்பு நிறுவனத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிய இம்மாற்றம் போற்றத்தக்கது. ஆனால் பராமரிப்பு வீடு தேடி வருவதற்கு, முதலில் வீடு இருக்க வேண்டும்.

ஆகவே, முதியோர் இல்லங்களை ஆராயும் மாணவர்கள் அங்குள்ளோரின் வயதையும் நோயையும் மட்டும் பதிவுசெய்தல் போதாது. இங்கு வருமுன் அவர்கள் வாழ்ந்த வீடு யாருடையது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.