உப்பில்லாத மூன்று இரவுகள்

அதிராம்பட்டினத்து உப்பளத்தில் மழை ஓய்ந்த பிறகுதான் வேலை தொடங்கும். பருவமழை கரைத்துப்போட்ட பாத்திகளைச் சீர்செய்து, சேற்றுத் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். கடல்நீர் உள்ளே வரும்போது அதன் அடர்த்தி சுமார் 3 பாகை. பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காய வைத்து, 25 பாகைக்கு ஏறியதும் நீரின் மேல் மெல்லிய ஆடை படியும். அடியில் உப்பு பூக்கும். 30ஐ எட்டுவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் மக்னீசியத்தின் கசப்பு உப்பில் ஏறிவிடும். பலகையால் வாரி வரப்பில் குவிப்பவரின் பாதத்தில் வெடிப்பு விழுந்திருக்கும், வெள்ளை வெயிலில் கண் கூசிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து கல்லுப்பு மூட்டையாகிப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஏறி, நெல் விளையும் ஊர்களுக்குப் போகும்.

அந்த உப்பு யார் யார் சோற்றில் விழுந்தது என்று எழுதினால் முடிவே இருக்காது. அதை வேண்டாம் என்று ஒதுக்கியவர்களின் அடுக்களை வழியே போனால், நம் ஊர்களில் பிரம்மசரியம் எப்படிப் பழகப்பட்டது என்பது தெரியவரும். காமத்தை அடக்க நினைத்தவர்கள் முதலில் கைவைத்தது நாக்கில். நாக்கில் முதலில் கைவைத்த இடம் உப்பு.

உப்புக்கும் ஆசைக்கும் உள்ள உறவு நெய்தல் நிலத்திலேயே தொடங்கிவிடுகிறது. அகநானூற்றில் அம்மூவனார் காட்டும் உமணப் பெண், நெல்லுக்கு உப்பு என்று மாற்றுவிலை கூவிக்கொண்டு தெருவில் வருகிறாள். அவளைப் பார்த்த இளைஞனுக்குக் கூடையிலிருந்த உப்பு கண்ணில் படவே இல்லை. வள்ளுவரும் காமத்துப்பாலில், ஊடலின் அளவைச் சொல்ல உப்பின் அளவைத்தான் எடுத்துக்கொண்டார். அதிராம்பட்டினத்தின் பெயரை அதிவீரராம பாண்டியனோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். நைடதம் பாடிய அந்த 16ஆம் நூற்றாண்டு அரசன் பெயரால்தான் காமநூலான தமிழ்க் கொக்கோகமும் வழங்கிவருகிறது. துறவைப் பற்றிப் பேச இப்படியொரு ஊரிலிருந்து புறப்படுவது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆசையின் ருசி தெரிந்த மண்ணில்தான் அதை விடுவதற்கும் ஓர் எடை இருக்கும்.

உள்ளே கும்பகோணம் பக்கம் போனால் அக்கிரகாரத்துச் சடங்குகளில் உப்பு நிற்கும் இடம் தெளிவாகத் தெரிகிறது. ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரத்தின்படி பூணூல் போட்ட சிறுவனுக்கு மூன்று நாள் உப்பும் காரமும் கிடையாது. அதாவது அவனுடைய பிரம்மசரியம் சப்பென்ற சோற்றோடு தொடங்குகிறது. அதைவிட வியப்பானது, பல வருடம் கழித்து அவன் கல்யாணம் செய்துகொள்ளும்போதும் அதே விதி திரும்பி வருவது. தாலி கட்டிய அன்றிலிருந்து மூன்று இரவு மணமக்கள் இருவரும் தரையில் படுக்க வேண்டும்; உடலுறவு கூடாது; உப்பும் காரமும் கூடாது. இருவருக்கும் நடுவே ஒரு மரக்கோலை வைப்பார்கள். அதற்குச் சந்தனம் முதலான வாசனை பூசி நூல் சுற்றியிருக்கும். விசுவாவசு என்ற கந்தர்வனே அந்தக் கோலில் இருப்பதாக நம்பிக்கை. நாலாம் இரவின் கடைசி யாமத்தில் கோலை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு ஹோமம் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் தாம்பத்தியம். உப்பும் அப்போதுதான் திரும்பும்.

இப்போது சேஷ ஹோமம் எனப்படும் அந்த ஹோமத்தைக் கல்யாணத்தன்றே சுருக்கி முடித்துவிடுகிறார்கள்; கோலும் இல்லை, மூன்று இரவும் இல்லை. சுருங்கியதில் எனக்கு வருத்தம் உண்டு. புதிதாகச் சேர்ந்த இருவர், பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒருவரையொருவர் தொடாமல் மூன்று இரவு காத்திருப்பது எவ்வளவு பெரிய பயிற்சி! மணமகன் அவசரப்படக்கூடாது என்று சாஸ்திரமே அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் காத்திருப்பு காமத்தை வெறுக்கவில்லை. கோலுக்கு வாசனை பூசியிருக்கிறதே, அது போதாதா?

சித்த வைத்தியரின் பத்தியத்திலும் இதே சேர்க்கைதான். கடும் பத்தியம் என்றால் உப்பு, புளி, பெண் சேர்க்கை மூன்றும் ஒரே மூச்சில் வரும். ஒரு மண்டலம், 48 நாள். முடிந்ததும் வறுத்த உப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவார்கள். அதிராம்பட்டினத்தில் பெரும்பான்மையாக வாழும் முஸ்லிம் குடும்பங்களிலும் ரமலான் பகலில் உணவோடு தாம்பத்தியமும் விலக்கு. மாலையில் பாங்கு சொன்னதும் நோன்புக் கஞ்சி வரும். சமயம் வேறானாலும், வயிறும் உடலின் ஆசையும் ஒரே கயிற்றில் கட்டியவை என்ற அறிவு ஒன்றேதான். திரும்பி வர நேரம் குறித்திருப்பதும் ஒன்றேதான்.

யோக நூல்கள் இன்னும் கண்டிப்பானவை. ஹடயோகப் பிரதீபிகை விலக்கச் சொல்லும் உணவுகளில் உப்பும் இருக்கிறது. கீதையின் 17ஆம் அத்தியாயம் உப்பு மிகுந்ததை ராஜச உணவில் வைக்கிறது. ஆனால் அதே கீதையின் 2ஆம் அத்தியாயம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது: சாப்பிடாமல் இருப்பவனிடமிருந்து பொருள்கள் விலகிவிடும், அவற்றின் மேலுள்ள சுவை விலகாது; மேலானதைக் கண்ட பிறகுதான் அதுவும் போகும். உப்பை நிறுத்தியவன் நாள் முழுக்க உப்பையே நினைத்துக்கொண்டிருந்தால் அவன் எங்கும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பிரம்மசரியம் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதைவிட நேர்மையான வார்த்தையை நான் படித்ததில்லை. திருவாவடுதுறையோடு சேர்த்துப் பேசப்படும் திருமூலரும், கூடலை முற்றாக ஒதுக்காமல், பரியங்க யோகம் என்று அதற்கும் யோகத்துக்குள் இடம் கொடுத்தார். வேதாரண்யத்தைப் பூர்விகமாகக் கொண்ட தாயுமானவர் மணம் முடித்து, மகனையும் பெற்று, மனைவி இறந்த பிறகே துறவு பூண்டார் என்பார்கள்.

இந்தப் பயணத்தில் பார்க்காமல் கடந்துபோகவே கூடாத ஓர் அடுக்களை உண்டு. அது கைம்பெண்ணின் அடுக்களை. பத்து வயதில், பன்னிரண்டு வயதில் தாலி இழந்த சிறுமியின் தலையை மழித்து, ஒருவேளைச் சோறு என்று விதித்து, அதற்குப் பிரம்மசரியம் என்று பெயரும் வைத்தார்கள். மணமகனுக்கு நாலாம் இரவு வந்தது. பத்தியக்காரனுக்கு 48ஆம் நாள் விடிந்தது. அவளுக்கு எந்த நாளும் வரவில்லை. கையில் இருப்பதை விடுகிறவர்தான் துறவி. கொடுக்காமலே பறித்ததைத் துறவு என்று சொன்னது இந்த மரபு செய்த பாவம்; அந்தச் சொல்லை எத்தனை மந்திரமும் தூய்மையாக்காது.

தஞ்சை மாவட்டம் ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமியும் அப்படிச் சிறுவயதில் கணவனை இழந்தவர். அவர் வீட்டார் அவரை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911இல் பி.ஏ. முடித்தார். மறு ஆண்டே சென்னையில் இளம் விதவைகளுக்காகச் சாரதா இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில் அந்தப் பெண்கள் கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் தங்கிப் படித்தார்கள். 1897இல் விவேகானந்தர் தங்கிய கட்டடம் அது. சுப்புலட்சுமி கடைசிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. விதியாக வந்து விழுந்ததை, படித்து, சம்பாதித்து, சொந்தக் காலில் நின்ற பிறகு தன் முடிவாக மாற்றிக்கொண்டார். அவருடைய பிரம்மசரியத்தின் முன் நான் தலைவணங்குகிறேன்.

உப்பையும் பிரம்மசரியத்தையும் ஒன்றாகப் பிடித்து உலகமே பார்க்கும்படி செய்தவர் காந்தி. 1906இல் தென்னாப்பிரிக்காவில் பிரம்மசரிய விரதம் எடுத்தார். முடிவெடுக்கும் வரை கஸ்தூர்பாவோடு அதைப் பேசவில்லை, விரதம் எடுக்கும்போதுதான் கேட்டார், அவர் மறுக்கவில்லை என்று சத்திய சோதனையில் எழுதுகிறார். இருவர் சேர்ந்த வாழ்க்கையில் ஒருவர் எடுத்த முடிவு அது; கஸ்தூர்பாவின் மனத்தை நாம் அவர் வாயால் கேட்கவே முடியாமல் போனது பெரிய இழப்பு. 1908இல் முதல் சிறை. சமைக்கும்போதே உப்பு சேர்க்க வேண்டும் என்று காந்தி கேட்க, நாக்கு ருசிக்காக நீங்கள் இங்கே வரவில்லை என்கிற மாதிரி மருத்துவ அதிகாரி பதில் சொன்னார். சிறையின் இத்தகைய கட்டுப்பாடுகளைப் பிரம்மசாரி தானாகவே ஏற்க வேண்டும் என்று காந்தி எடுத்துக்கொண்டார். பிறகு கஸ்தூர்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது உப்பையும் பருப்பையும் விடச் சொன்னார். உங்களால்கூட முடியாது என்றார் கஸ்தூர்பா. அந்த நொடியே, நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஓராண்டு விடுகிறேன் என்று காந்தி சொல்லிவிட்டார். கஸ்தூர்பா அழுது கெஞ்சியும் சபதத்தைத் திரும்பப் பெறவில்லை.

உப்பை விட்டுப் பழகிய அதே மனிதர் 1930 ஏப்ரல் 6ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பை அள்ளினார். அப்போது ஒரு மணங்கு உப்புக்கு வரி ஒரு ரூபாய் நாலணா. அவர் தனக்கு விலக்கிக்கொண்டது அவருடைய விருப்பம். வயலில் வேர்த்துக் கொட்டும் கூலிக்காரருக்குக் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பு அந்த நாளின் உயிர். அதில் சர்க்கார் கைவைக்கக்கூடாது என்றார். விரும்பி விடுவதற்கும் பறிகொடுப்பதற்கும் உள்ள தூரம், கைம்பெண்ணின் அடுக்களையில் நாம் பார்த்த அதே தூரம்தான்.

ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டன்று, ராஜாஜி நூறு பேரளவில் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று, உப்பு மூட்டைகள் உள்ளே வரும் திசைக்கு எதிராகக் கடற்கரையை நோக்கி நடந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்றார். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்த ராஜாஜி கைதானார். அதிராம்பட்டினம் இருக்கும் அதே கரைதான், முத்துப்பேட்டைக் கழிக்கு அந்தப் பக்கம். உப்பு வரி போனது 1947இல்.

கரையிலிருந்து வரும் உப்பு இன்றைக்கும் நுழைய முடியாத மடைப்பள்ளி ஒன்று கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, திருநாகேசுவரம் ஒப்பிலியப்பன் கோயிலில். பெருமாளுக்கு எல்லா நைவேத்தியமும் உப்பில்லாமல்தான். கோயில் கதைப்படி, மார்க்கண்டேய முனிவரின் மகளைப் பெருமாள் பெண் கேட்டு வந்தார். அவள் சிறுபெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று தகப்பன் தயங்கினார். அவள் எப்படிச் சமைத்தாலும் உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கட்டிக்கொண்டார். திருவோண நாளில் விரதம் இருக்கும் குடும்பங்களில் கணவனும் மனைவியும் அன்று ஒருநாள் உப்பில்லாமல் சாப்பிடுகிறார்கள். மறுநாள் குழம்பில் வழக்கம்போல உப்பு விழுகிறது.